கண்ணாடிக் கலையும் அதன் காவலும்

உலகத்துப் பொருள்களுள் சில அருமையால் விலை பெறுகின்றன. சில பயனால் விலை பெறுகின்றன. பொன்னும் மணியும் முன்னவற்றுக்கும், நெல்லும் நீரும் பின்னவற்றுக்கும் எடுத்துக்காட்டாம். இவ்விரு வகையிலும் அடங்காது, தன்மேற் பட்ட மனிதர் கைத்திறம் ஒன்றாலேயே மதிப்புப் பெறும் பொருளொன்று உண்டு. அதுவே கண்ணாடி. மணலும் உவரும் சுண்ணாம்பும் தீயிற் கூடிப் பிறக்கும் இப்பொருளைப் பற்றி ஒரு சிறிது ஆராயப் புகுந்தமைக்கு எம்முடைய பிழையொன்றே காரணமாயிற்று. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாம்.

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அமைந்த வானகரம் யாம் வாழும் ஊர். சென்ற தைத் திருநாளுக்குச் சில நாள் முன்னர், எம் அயல்வீட்டில் வாழும் எண்பது வயது கடந்த ஆயா ஒருவர், வெள்ளையடித்தற்பொருட்டுச் சுவரிலுள்ள படங்களை இறக்கித் துடைத்துத் தருமாறு எம்மை அழைத்தார். யாம் கிறித்தவ சமயத்தினரேனும் அவ்வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்தோம் ஆதலின் மகிழ்வுடன் சென்றோம். இறக்கிய படங்களுள் ஒன்று, வெண்ணெய்க் குடத்தின் அருகே தவழும் பாலகிருட்டிணன் படம். ஆயாவின் தாயார் மணமகளாய்க் குடந்தைப் பக்கத்திலிருந்து வந்த காலத்து உடன் கொணர்ந்தது அது. சட்டத்தின் பின்பலகையைச் செல் அரித்திருந்தது. பலகையை நீக்கினோம், கண்ணாடியின் பின்புறத்தே பல்லாண்டுத் தூசு படிந்திருக்கக் கண்டோம், ஈரத்துணி கொண்டு நன்றாகத் துடைத்தோம்.

துணி நீலமாயிற்று. திடுக்கிட்டுப் படத்தை முன்புறமாகத் திருப்பினோம். குழந்தையின் நீலமேனி பெரும்பகுதி மறைந்து, அவ்வழியே எதிர்ச்சுவர் தோன்றிற்று. ஆனால் விழிகள் இரண்டும், புருவமும், கழுத்து முத்துமாலையின் வரிகளும் மட்டும் சற்றும் கெடாது கண்ணாடியில் நின்றன. நாணத்தாற் பேச்சற்று நின்ற எம்மை நோக்கி ஆயா, “கண்ணாடி உடையவில்லையே தம்பி, கை காலில் படாமல் போயிற்றே, அது போதும்” என்றார். அவர் கூறியது எம்மைத் தேற்றுதற்பொருட்டே. எனினும் அச்சொல் எம் நெஞ்சை விட்டு அகன்றிலது. கண்ணாடி உடையவில்லை, படமே அழிந்தது. அங்ஙனமாயின் அப்பொருளில் அருமையாவது யாது? மேனி அழிந்தும் விழி அழியாது நின்றமைக்குக் காரணம் என்னை? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பொருளின் இயல்பு

வெண்மணலிற் பெரும்பகுதி சிலிக்கா என்னும் பொருளாகும். தனித்த சிலிக்கா உருகுதற்கு ஏறத்தாழ 1,700 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பழங்காலத்து உலைகள் அத்துணை வெப்பந் தரமாட்டா. ஆதலின் முன்னோர் மணலுடன் சோடா உப்பைக் கூட்டி, அது குறைந்த வெப்பத்தில் உருகுமாறு செய்தனர். நம் நாட்டில் உவர்நிலங்களில் வெள்ளை பூத்துக் கிடக்கும் உவர்மண்ணே இதற்குப் பயன்பட்டது. சோடா மட்டுங் கூடிய கண்ணாடி நீரிற் கரையும் இயல்பினது. அக்குறையை நீக்கச் சுண்ணாம்பு வேண்டும். இம்மூன்றன் அளவு பிறழுமாயின் கண்ணாடி வெளிக்கு உறுதியாய்த் தோன்றினும், காற்றின் ஈரம் அதனுள்ளிருக்கும் உப்பை மெல்ல வெளிக்கொணர, பல ஆண்டு கழித்து மேற்பரப்பு வியர்த்து, மங்கி, மயிரிழை போன்ற வெடிப்புக் கொள்ளும். அருங்காட்சியகத்தார் இதனைக் கண்ணாடி நோய் என்பர்.

நிறமும் இத்தகைய கலப்பினாலேயே உண்டாகும். இரும்பு கலந்தால் பசுமை. கோபால்ட்டு கலந்தால் ஆழ்ந்த நீலம். மாங்கனீசு கலந்தால் ஊதா. செம்பு உலையின் காற்று நிலைக்கேற்ப நீலமும் தரும், பசுமையுந் தரும், குருதிச் செம்மையுந் தரும். பொன்னை நுண்ணிய துகளாகச் சேர்த்தால் மாணிக்கத்தை ஒத்த செந்நிறம் பிறக்கும். ஈயம் மிகுதியாகச் சேர்ந்த கண்ணாடி கனமும் ஒளியும் பெற்று, தட்டினால் மணிபோல் நெடிது ஒலிக்கும். அதனையே மேனாட்டார் கிரிசுட்டல் என வழங்குவர்.

கண்ணாடி என்னும் தமிழ்ச்சொல் கண், ஆடி என்னும் இரு சொற்களாலாயது. ஆடி என்பது முகம் பார்க்குங் கருவியைக் குறிக்கும். பளிங்கு என்னும் சொல் பண்டை இலக்கியங்களிற் பெரிதும் படிகக் கல்லையே குறிக்கும். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்திலிருந்த பளிக்கறை மண்டபம் கூறப்படுகின்றது. உள்ளிருப்பாரின் உருவத்தைப் புறத்தே காட்டி, அவர் குரலை மட்டும் வெளிவிடாத அம்மண்டபத்துள் மணிமேகலை புகுந்து, தன்னைத் தொடர்ந்துவந்த உதயகுமரனிடத்திலிருந்து தப்பினாள் என்பது கதை. அம்மண்டபம் கண்ணாடியாலானது எனத் துணிதல் பொருந்தாது. எனினும், ஒளியை விட்டு ஒலியைத் தடுக்கும் பொருளொன்றன் இயல்பை அப்புலவர் நுணுகி உணர்ந்திருந்தார் என்பது தெளிவு.

பழந்தமிழ் நாட்டுக் கண்ணாடி மணிகள்

இனி, கண்ணாடித் தொழில் மேனாட்டாரோடு இந்நாட்டுக்கு வந்தது என்று கருதுவார் நம்மிற் பலர். அக்கருத்துப் பிழையுடைத்து. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மண்மேடு உள்ளது. அதனை 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கில அறிஞரும், அவருக்குப் பின் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்னும் அம்மையாரும் அகழ்ந்தாராய்ந்தனர். உரோம நாட்டு மதுச்சாடிகளும் மட்கலங்களும் அங்குக் கிடைத்தமையே உலகறிந்த செய்தி. அவற்றோடு ஒருங்கு கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும், அவற்றைச் செய்தபோது கழிந்த துண்டுகளும் அத்துணைப் புகழ் பெற்றில. எனினும் நம் ஆராய்ச்சிக்கு உரியன அவையே. உரோமச் சாடி பிறர் கொணர்ந்தது; மணியோ அவ்விடத்தே ஆக்கப்பெற்றது.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் என்னும் ஊரிலும் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. வைகைக் கரைக் கீழடியிலும் அவை கிடைத்துள்ளன. அரிக்கமேட்டு மணிகளை ஒத்தவை ஈழத்து மாந்தை, தாய்லாந்து, மலேயா, வியட்நாம் முதலிய இடங்களிலும், மேற்கே ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் காணப்படுகின்றன. இரு மாகடல்களின் கரைகளிலும் பரவிக் கிடத்தலின் பீட்டர் பிரான்சிசு என்னும் மணியாராய்ச்சியாளர் இவற்றுக்கு இந்து-பசிபிக்கு மணிகள் எனப் பெயரிட்டார்.

இம்மணிகளைச் செய்த முறை வியக்கத்தக்கது. ஒவ்வொரு மணியையும் தனித்தனியே துளையிட்டாரல்லர். உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டி, அதனை உள்ளீடற்ற நீண்ட இரும்புக் குழாயொன்றின் முனையிற் பற்றுவித்து உலைவாயில் நிறுத்துவர். கூம்பின் நடுவே கம்பியைச் செலுத்தித் துளையுண்டாக்கி, எதிர்ப்புறத்தில் அமர்ந்த தொழிலாளி அதன் முனையைக் கொக்கியாற் பற்றி இழுப்பான். துளை மூடாமலே கண்ணாடி நூல்போல் நீண்டு வரும். இழுக்கும் விரைவு கூடினால் நூல் மெலியும், குறைந்தால் பருக்கும். அளவு கருவியின்றிக் கையும் கண்ணுமே அவ்விரைவை ஒழுங்குபடுத்தல் வேண்டும். இங்ஙனம் இழுத்த குழாய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலிற் புரட்டி மீண்டும் சூடேற்ற, கூர்விளிம்பு மழுங்கி மணியாகும். சாம்பல் துளையை அடைத்து நிற்றலால் துளை மூடாது. இம்முறை ஆந்திர நாட்டில் திருக்காளத்திப் பக்கத்துள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியதை ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு எழுதிவைத்துள்ளனர். மண்ணுள் கிடைத்த மணி தானே தன் பிறப்பைக் கூறமாட்டாது. உயிருடனிருந்த தொழிலாளியின் கையே அதற்கு உரை வகுத்தது. கலைப்பொருள் வேறு, கலையறிவு வேறு. பின்னது நிற்குமளவே முன்னதன் பொருள் விளங்கும் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா.

தஞ்சைக் கண்ணாடிப் படங்கள்

கண்ணாடியின் பின்புறத்தே வண்ணந் தீட்டி முன்புறத்தே காணும் ஓவியமுறை ஐரோப்பாவிலிருந்து சீனத்துக்குச் சென்று, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகர் வழியாக இந்தியாவை அடைந்தது. தமிழகத்தில் அதற்குத் தாயகமாயது தஞ்சை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் பல கலைகள் செழித்தன. அவற்றோடு இதுவும் வளர்ந்தது. பாலகிருட்டிணன், இராமர் பட்டாபிடேகம் முதலிய தெய்வப் படங்களும், அரசர் உருவங்களும், அணிபுனைந்த மகளிர் உருவங்களும் இவ்வாறு தீட்டப்பெற்றன. தஞ்சையிற் சிறந்து விளங்கும் பலகைப் படத்தில் சுண்ணப் பசையால் மேடுசெய்து, கல் பதித்துப் பொற்றகடு ஒட்டுவர். கண்ணாடிப் படத்தில் அம்மேடு இல்லை. வேண்டுமிடத்தில் வண்ணந் தீட்டாது விட்டு, பின்னே பொன் வண்ணத் தகடு வைப்பர். அது கண்ணாடி வழியே மின்னும்.

எம் வினாக்களுள் ஒன்றற்கு விடை இவ்வோவியம் தீட்டும் வரிசையிலுள்ளது. பலகையிலும் துணியிலும் எழுதுவோன் முதலிற் பின்னணியைப் பூசி, அடுத்து உடலை வண்ணமிட்டு, ஈற்றில் கண்ணும் அணியும் வரைவான். கண்ணாடியில் எழுதுவோன் இதனைத் தலைகீழாகச் செய்தல் வேண்டும். காண்பார்க்கு மிக அண்மையில் தோன்ற வேண்டுவது விழியாதலின் அதனை முதலிற் கண்ணாடியில் தீட்டுவான். அடுத்து முத்து, மாலை, ஆடைக்கரை. அவற்றின்மேல் மேனியின் வண்ணம். எல்லாவற்றுக்கும் ஈற்றில் பின்னணி. அன்றியும் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறுதலின் உருவத்தை மறுதலையாக எழுதுதல் வேண்டும். பலகையில் எழுதுவோன் பிழைத்தால் மேலே பூசித் திருத்தலாம். இவனோ முதலில் இட்ட விழியிற் பிழைத்தால் பின்னர்த் திருத்த வழியில்லை. அதன்மேற் பூசும் ஒவ்வொரு வண்ணமும் அப்பிழையைக் கண்ணாடியோடு இறுக்கும்.

எம் ஈரத்துணி அவ்வரிசையையே எதிர்வழியிற் பின்பற்றிச் சென்றது. ஈற்றிற் பூசியது முதலில் அழிந்தது. முதலில் எழுதிய விழி ஈறுவரை நின்றது. பசை கலந்த வண்ணமாதலின் நீர் பட்டவுடன் நெகிழ்ந்தது. இன்னுஞ் சிறிது துடைத்திருப்போமாயின் விழியும் போயிருக்கும். ஓவியன் ஒருவன் பல நாள் அமர்ந்து ஒன்றன்மேலொன்றாக அடுக்கியதை யாம் இமைப்பொழுதில் அவிழ்த்துவிட்டோம். அவிழ்த்த பின்னரே அதன் கட்டுமானத்தை அறிந்தோம். அறிவு வந்த வழி அதுவாயிற்றே என்பதே எம் வருத்தம்.

இவ்வோவியம் குன்றியதற்குக் காரணம் எம்மைப் போல்வாரது ஈரத்துணி மட்டுமன்று. 1894-ஆம் ஆண்டில் இரவிவர்மா பம்பாயில் வண்ண அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், தெய்வப் படங்கள் தாளில் அச்சாகி எளிய விலைக்கு வீடுதோறும் புகுந்தன. ஏழையர் இல்லத்திலும் படம் விளங்கியது நன்றே. அதனைக் குறை கூறுவார் யார்? எனினும் அச்சுத்தாள் புகுந்த வீட்டில் கண்ணாடி எழுதுவானுக்கு வேலை இல்லாதொழிந்தது. தந்தை தொழிலை மகன் கற்றிலன். எஞ்சிய படங்களுட் பல, வீடுகள் இடிக்கப்படும்போது பழம்பொருள் வணிகரைச் சென்றடைகின்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் செல்வோர், செட்டிநாட்டு இல்லங்களை ஒருகால் அணிசெய்த மேனாட்டுக் கண்ணாடி விளக்குகளும், எனாமல் கலங்களும், இத்தகைய படங்களும் கடைகளிற் குவிந்திருத்தலைக் காணலாம்.

உருசிய நாட்டிற் கண்ணாடி

இந்நிலையில் கடல் கடந்த ஒரு நாட்டின் வரலாற்றையும் ஒப்பு நோக்குதல் பயன் தரும். உருசிய நாட்டுப் பழங்கண்ணாடிக் கலங்கள் இன்று உலகெங்கும் பொருள் திரட்டுவோரால் பெரிதும் விரும்பப்படுகின்றன. இருதலைக் கழுகும் பேரரசியரின் பெயர்முதல் எழுத்துகளும் செதுக்கிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கிண்ணங்களும், சதுர வடிவப் புட்டிகளும், முகப்பு முகப்பாகத் தீட்டிய கிரிசுட்டல் கலங்களும் அவற்றுட் சில. சென் பீட்டர்சுபர்க்கு நகரத்து அரசுக் கண்ணாடித் தொழிற்சாலை, 1820-களில் பாரசீக மன்னர் பத்து அலி ஷாவுக்கு அளித்தற்பொருட்டு ஒரு கட்டிலையே கிரிசுட்டலாற் செய்தது. அத்தொழிற்சாலை 1890-இல் அரசுப் பீங்கான் தொழிற்சாலையோடு இணைக்கப்பட்டது.

அந்நாட்டுக் கண்ணாடி வரலாற்றில் தமிழ் பயில்வார் அறியத்தக்க பெயர் மிக்காயில் லொமனோசொவ் என்பது. 1711-இல் வடகடற்கரையில் மீன்பிடிக்கும் குடியானவர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த அவர், கல்வி வேட்கையால் மாசுக்கோ சென்று பயின்று, செருமனியிலுங் கற்று, வேதியியலாராயும் கவிஞராயும் உருசிய மொழிக்கு இலக்கணம் வகுத்தவராயும் விளங்கினார். 1748-இல் தமக்கென அமைந்த ஆய்வுக்கூடத்தில் நிறக்கண்ணாடி ஆக்க ஆயிரக்கணக்கான முறை உருக்கிப் பார்த்தார். 1752-இல் சுவாலொவ் என்னும் பெருமகனுக்குக் கண்ணாடியின் பயனைப் பாடுபொருளாகக் கொண்டு செய்யுள் மடலொன்று விடுத்தார். கலமும் சாளரமும் மூக்குக்கண்ணாடியும் தொலைநோக்கியும் அதிற் பாராட்டப்படுகின்றன. அமெரிக்கப் பழங்குடியினர் பொன்னைக் கொடுத்துக் கண்ணாடி மணியை வாங்கினரென்பதை அவர் எடுத்துரைக்குமிடம் சிறப்புடைத்து. அவர்களைப் பேதையரென்று எள்ளாது, பொன்னாசையால் விளைந்த கொடுமைகளை நினைந்து, மணியை விரும்பியவர் குற்றமற்றவரென அவர் இரங்குகின்றார். அரிக்கமேட்டு மணிகளின் வழித்தோன்றல்களாகிய நாம் அவ்விடத்தை மகிழ்ந்து ஏற்கலாம்.

1753-இல் அவர் உசுத்து-உரூதித்சா என்னும் ஊரில் தொழிற்சாலை அமைத்து மணிகளும் கலங்களும் செய்வித்தார். தாம் ஆக்கிய நிறக்கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, 1709-இல் நிகழ்ந்த பொல்தாவாப் போரின் காட்சியைப் பெருஞ்சித்திரமாக அமைத்தார். 1765-இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில் தொழிற்சாலையும் மறைந்தது. உடன் பயின்று தொடர்வார் வழிவழியாக அமையாமையால் அவரது நிறக்கண்ணாடித் தொழில் அவரோடே தளர்ந்தது. அப்போர்ச் சித்திரமோ நெடுங்காலம் போற்றுவாரற்றுக் கிடந்து, 1925-ஆம் ஆண்டில் அறிவியற் கழகத்து மாளிகைப் படிக்கட்டின்மேல் நிறுவப்பெற்றது. இன்றும் அங்கே உள்ளது.

இதற்கு மறுதலையாக நிற்பது குஸ் ஆற்றங்கரையில் 1756-இல் மால்த்சொவ் என்னும் வணிகர் தொடங்கிய தொழிற்சாலை. அங்கு ஊதுவோரும் செதுக்குவோரும் குடியேறி, தந்தையிடம் மகன் கற்று, தொழிலால் ஓர் ஊரே எழுந்தது. கிரிசுட்டலால் பெயர்பெற்று அது குஸ் கிருசுத்தால்னி என இன்றளவும் வழங்குகின்றது. ஆங்குள்ள புனித சார்ச்சுப் பேராலயம் பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் வழிபாடிழந்து, 1983 முதல் கிரிசுட்டல் அருங்காட்சியகமாய் நிற்கின்றது. வழிபாடு நின்றமை கிறித்தவராகிய எமக்குத் துயர் தருவதே. எனினும் அவ்வூர்த் தொழிலாளரின் பல தலைமுறைக் கைவேலை ஒரு கூரையின்கீழ்க் காக்கப்படுதல் ஆறுதலும் அளிக்கின்றது. மேதை ஒருவர் தனித்து ஆக்கியது தளர, எளியோர் பலர் கற்றுக் கற்பித்தது நிலைத்தது. இதுவே இவ்விரு வரலாறும் நமக்குப் புகட்டும் பாடம்.

அறியும் முறையும் காக்கும் முறையும்

பழங்கண்ணாடியை அறிதற்குச் சில குறிகள் உள. வாயால் ஊதிய கலத்தின் அடியில், ஊதுகோலிலிருந்து கலத்தைப் பெயர்த்தபோது தாங்கிய கம்பியின் வடு இருக்கும். உள்ளே சிறு காற்றுக்குமிழிகளும், சுவரின் கனத்தில் ஏற்றத்தாழ்வும் காணலாம். நெடுநாள் பயன்பட்ட கலத்தின் அடிவிளிம்பில் திசை ஒழுங்கின்றி நுண்ணிய கீறல்கள் இருக்கும். வேண்டுமென்றே தேய்த்த போலிக் கலத்தில் அக்கீறல்கள் ஒரு திசையாகவே ஓடும். பழைய படத்தின் கண்ணாடி மெல்லியதாயும், சாய்த்துப் பார்ப்பின் நீரலைபோல் நெளிவுடையதாயும் தோன்றும். இக்காலத் தகடு உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு ஆக்கப்படுதலின் நெளிவே இல்லாதது. ஒரு குறி மட்டுங் கொண்டு துணியாது, பல குறிகளையும் கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

காக்கும் முறைகளை யாம் இழந்து கற்றோம். பிறர் இழவாது கற்பாராக.

கண்ணாடிப் படத்தின் பின்புறத்தை ஒருபோதும் துடைத்தலாகாது. நீர் மட்டுமன்று, உலர்ந்த துணியும் உரிந்த வண்ணத்தைப் பெயர்த்துவிடும். முன்புறத்தை மட்டும் மெல்லிய உலர்துணியால் துடைக்கலாம். மருந்து நீரைத் தெளித்தல் கூடாது. சட்டத்தின் இடுக்கு வழியே அது பின்புறஞ் செல்லும். பின்பலகை அரிக்கப்பட்டிருப்பின் தாமே பிரியாது அறிந்தாரிடம் காட்டல் வேண்டும். மழைநீர் ஊறும் புறச்சுவரிலும், வெயில் படுமிடத்திலும், அடுப்படியிலும் மாட்டலாகாது. கடற்கரை சார்ந்த சென்னைப் பகுதியின் ஈரக்காற்றே வண்ணத்துக்குப் பெரும்பகை. பூசணமும் அதனால் வரும். இறக்கி வைக்குங்கால் ஒன்றன்மேலொன்றாய்ப் படுக்கவைக்காது, நிமிர்த்திச் சாய்த்து வைத்தல் வேண்டும். உதிர்ந்த வண்ணத்தை ஒட்ட முயலாது, உதிர்ந்த துகளையும் தாளில் மடித்துப் பத்திரப்படுத்தல் நன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே பழம்பொருள் காக்கும் வேதியியற்கூடம் பணி தொடங்கிற்று. இத்துறை அறிந்தார் நம் நகரத்திலேயே உளர் என்பதை மறத்தலாகாது.

சட்டமும் ஒன்றுண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் குற்றம். அவற்றை விற்கும் வணிகர் உரிமம் பெறல் வேண்டும். வீட்டுப் படமொன்றைப் பழையது கழித்தல் என்னும் பெயரால் எடைக்குப் போடுமுன், அதன் வயதை ஒருகால் எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

முடிவுரை

வானகரத்து நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்போமாயின், மரச்சட்டங்களில் சாய்த்துக் கட்டிய பெருங்கண்ணாடித் தகடுகளை ஏற்றிய சரக்குந்துகள் செல்லுதலைக் காணலாம். மேற்கே திருப்பெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் பெருந்தொழிற்சாலையொன்று தகட்டுக் கண்ணாடி ஆக்கி வருகின்றது. ஆதலின் தமிழ்நாட்டில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. மாசு மறுவற்ற அத்தகடு ஒவ்வொன்றும் அரிக்கமேட்டு உலையிற் பிறந்த எதனினும் தெளிவுடையது. ஆனால் அதன் பின்னே மறுதலையாக ஒரு விழியைப் பிழையின்றி எழுதவல்ல கைகள் இன்று எத்துணை? கண்ணாடி நின்றது, படம் போயிற்று என்பது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. இதுவே எம் முதல் வினாவுக்கு விடை. பொருளின் அருமை கண்ணாடியில் இல்லை. எழுதிய கையிலும், அதனை அறிந்து போற்றும் கண்ணிலுமே உள்ளது.

நண்பர்காள்! விடுமுறையில் நம் ஊர்களுக்குச் செல்லும்போது, நம் இல்லத்திலும் உறவினர், அயலார் இல்லங்களிலும் இத்தகைய படமோ கலமோ உண்டோ எனப் பார்ப்போமாக. எவர் கொணர்ந்தது, எவ்வூரினது, எக்காலத்தது என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்போமாக. பொருளை வாங்கித் திரட்டுதற்குச் செல்வம் வேண்டும். அதன் வரலாற்றைத் திரட்டுதற்கு ஓர் ஏடும் பொறுமையுமே போதும். மாணவராகிய நம்மிடம் இவ்விரண்டும் உள.

பொங்கலுக்கு மறுநாள் யாம் ஆயாவின் இல்லஞ் சென்று, அப்படத்துக்கு ஈடாக வேறொரு படம் வாங்கித் தருவதாகக் கூறினோம். அவர் மறுத்தார். வெள்ளையடித்த சுவரில் அதே ஆணியில் அப்படத்தையே மீண்டும் மாட்டியிருந்தார். மேனி போன இடத்தில் புதுச்சுண்ணத்தின் வெண்மை தெரிய, விழிகள் இரண்டும் எம்மை நோக்கின. “அம்மா வீட்டுப் படம் தம்பி. கண் இருக்கிறதே, அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்” என்றார். பின்னர் எமக்கு ஒரு தட்டில் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொணர்ந்து வைத்தார். அதனை உண்டு, பின்பலகைக்கு அளவெடுத்துக்கொண்டு வந்தோம். புதிய பலகையைக் கண்ணாடியிற் படாதவாறு சிறிது இடைவெளி விட்டு, அறிந்தார் ஒருவரைக் கொண்டு பொருத்தினோம். எஞ்சியதையேனும் காத்தோம் என்னும் அளவில் எம் மனம் அமைதியுற்றது.